இன்ஜினியரிங்கும் காமர்ஸும் ஒன்றாக: ஆஸ்திரேலியாவில் டபுள் டிகிரி படிக்கப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங் நான்கு ஆண்டுப் படிப்பு. காமர்ஸ் மூன்று ஆண்டுப் படிப்பு. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து, பெரும்பாலும் ஐந்து ஆண்டில், சில இடங்களில் ஐந்தரை ஆண்டில், இரண்டு பட்டங்களோடு வெளியே வரலாம். இதைத்தான் அங்கே டபுள் டிகிரி என்கிறார்கள். பிளஸ் ஒன்னிலேயே கணக்கு குரூப், காமர்ஸ் குரூப் என்று பிள்ளைகளைப் பிரித்துவிடும் முறையில் படித்த பெற்றோருக்கு இந்தச் சேர்க்கை விநோதமாகத் தெரியும். சிட்னி, மோனாஷ், நியூ சவுத் வேல்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் இது வழக்கமான படிப்பு.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். நான்கும் மூன்றும் ஏழு. ஏழு எப்படி ஐந்தானது?

முழுநேரம் படிக்கும் மாணவர் ஓர் ஆண்டில் எட்டுப் பாடம் எடுப்பார். இன்ஜினியரிங்கைத் தனியாகப் படித்தால் 32 பாடம், காமர்ஸைத் தனியாகப் படித்தால் 24 பாடம், மொத்தம் 56. ஐந்து ஆண்டு டபுள் டிகிரியில் இருப்பதோ 40 பாடம். காணாமல் போன 16 பாடங்களில் சில, இரண்டு பக்கமும் பொதுவான கணிதம், புள்ளியியல் போன்றவை; ஒருமுறை படித்தால் இரண்டுக்கும் கணக்காகும். மற்றவை எல்லாம் எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடங்கள். காமர்ஸைத் தனியாகப் படிப்பவர் இரண்டாவது மேஜர் (பட்டத்துக்குள் எடுக்கும் சிறப்புப் பாடப் பிரிவு) எடுக்கலாம், ஒரு மொழி படிக்கலாம், ஒரு செமஸ்டர் வெளிநாடு போகலாம். இன்ஜினியரிங் மாணவருக்கும் தன் துறைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கொஞ்சம் இடம் உண்டு. டபுள் டிகிரியில் அந்த இடங்களை எல்லாம் அடுத்த பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் பிடித்துக்கொள்கின்றன.

ஆகவே இந்தப் படிப்புக்கு நீங்கள் தரும் உண்மையான விலை உங்கள் தெரிவுச் சுதந்திரம். கூடுதலாகப் போகும் ஓர் ஆண்டை எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள், இதை யாரும் எடுப்பதில்லை. கீழே சொல்லப் போகும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான்: அட்டவணையில் வெற்றிடம் இல்லாததால் ஒரு பாடம் தவறினாலும் பல பாடங்கள் நகர்கின்றன.

எதற்காகப் படிக்கிறோம்?

"இரண்டு பட்டம் இருந்தால் வேலை நிச்சயம்" என்பதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். இன்ஜினியர் வேலைக்கு எடுப்பவர் இன்ஜினியரிங் மதிப்பெண்ணையும் வேலை அனுபவத்தையும்தான் முதலில் பார்ப்பார். வங்கியில் எடுப்பவருக்கும் காமர்ஸ் மட்டும் நன்றாகப் படித்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்க விரும்புகிறவருக்குத்தான் இந்தப் படிப்பு முழுப் பலனைத் தரும்.

அந்தச் சந்திப்பு எங்கே என்பதற்கு ஆஸ்திரேலியாவிலேயே பாடம் இருக்கிறது. சிட்னியின் கிராஸ் சிட்டி சுரங்கச் சாலை 2005இல் திறக்கப்பட்டது. கட்டுமானம் சரியாகவே முடிந்தது. ஆனால் எதிர்பார்த்த வாகனங்களில் பாதிகூட வரவில்லை. 2006 டிசம்பரில் அதை நடத்திய நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. 2007இல் திறந்த லேன் கோவ் சுரங்கம் 2010இல் அதே கதிக்கு ஆளானது. பிரிஸ்பேனில் 2010இல் திறந்த கிளெம் செவன் சுரங்கத்தின் நிறுவனம் 2011இல் விழுந்தது. பாறையைக் குடைவதில் யாரும் தவறவில்லை. எத்தனை பேர் சுங்கம் கட்டி உள்ளே வருவார்கள், அந்த வருமானத்தில் வட்டி கட்ட முடியுமா என்ற கணக்கில்தான் அடி விழுந்தது.

ஸ்னோயி 2.0 நீர்மின் திட்டத்தையும் பாருங்கள். 2017இல் அறிவித்தபோது சுமார் 2 பில்லியன் டாலர் என்றார்கள். 2023இல் அது 12 பில்லியன் ஆனது. மண்ணின் தன்மை, சுரங்கம் குடையும் இயந்திரத்தின் வேகம், ஒப்பந்தத்தில் எந்த இடர் யார் தலையில் விழுகிறது, தாமதத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன செலவு ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த மேசையில் உட்காரும் ஆசை இருந்தால், வாருங்கள்.

ஆசை இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால் அவசரப்படத் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங்கில் மட்டும் சேர்ந்துவிட்டு, முதல் ஆண்டு முடிவில் மதிப்பெண் இருந்தால் டபுள் டிகிரிக்கு மாறலாம். விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் சேரும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மேஜரோடு எந்த மேஜர்

காமர்ஸ் என்று ஒரே பாடம் இல்லை. கணக்கியல், நிதியியல், பொருளியல், மார்க்கெட்டிங், தகவல் முறைமைகள், மனிதவளம் என்று மேஜர்கள் உண்டு. டபுள் டிகிரியில் வழக்கமாக ஒரு மேஜருக்குத்தான் இடம். அதனால் அந்த ஒன்றை இன்ஜினியரிங் துறையோடு பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிவிலோடு நிதியியல் நன்றாகப் பொருந்தும். காரணம் மேலே சொன்ன சுரங்கங்கள்தான். சாலை, ரயில், தண்ணீர் எல்லாவற்றிலும் தனியார் பணமும் ஓய்வூதிய நிதிகளின் பணமும் கலந்திருக்கும் நாடு அது.

எலெக்ட்ரிக்கலோடு பொருளியலை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். கிழக்கு, தெற்கு மாநிலங்களை இணைக்கும் தேசிய மின்சாரச் சந்தை 1998 டிசம்பரில் தொடங்கியது. 2021 அக்டோபரிலிருந்து அங்கே மின்சாரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலை தீர்க்கிறார்கள். அதற்கு முன்பு அரை மணி நேர சராசரிதான். இந்த ஒரு விதி மாற்றத்தால் நொடியில் மின்சாரம் தரக்கூடிய பெரிய பேட்டரிகளுக்கு வருமானக் கணக்கே மாறியது. பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கு விலை ஏன் ஏறுகிறது என்பதும் தெரிந்தால், அவருக்கு இருக்கும் பிடிமானம் தனி.

கனிமச் சுரங்கம் (மைனிங்), கெமிக்கல் துறைகளோடு நிதியியல் ஒத்துப்போகும். குறிப்பாகக் கனிமத் தொழில் உள்ள பெர்த் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு. மெக்கானிக்கலோடு கணக்கியலோ செயல்பாட்டு மேலாண்மையோ எடுப்பவர்கள் உற்பத்தி நிறுவனங்களை மனதில் வைத்திருப்பார்கள்.

சாஃப்ட்வேரோடு தகவல் முறைமைகளை எடுப்பது எனக்கு உடன்பாடில்லாத சேர்க்கை. இரண்டிலும் டேட்டாபேஸ், இரண்டிலும் சிஸ்டம் டிசைன், இரண்டிலும் திட்ட மேலாண்மை. ஓர் ஆண்டு கூடுதலாகச் செலவழித்துப் புதிதாகக் கிடைப்பது குறைவு. சாஃப்ட்வேர் மாணவர் நிதியியலையோ பொருளியலையோ பார்ப்பது நல்லது.

கணக்கியல் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணக்காளர்களின் தொழில் அமைப்புகளான சிபிஏ ஆஸ்திரேலியாவிலோ சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸிலோ பின்னாளில் சேர வேண்டுமானால் அவர்கள் கேட்கும் பாடங்கள் எல்லாம் படித்திருக்க வேண்டும்: நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம் போன்றவை அதில் வரும். தனிக் காமர்ஸ் மாணவர் இவற்றை எலெக்டிவ் இடத்தில் போட்டு நிரப்புவார். உங்களுக்கு அந்த இடம் இல்லை. டபுள் டிகிரிக்குள் கணக்கியல் மேஜர் எடுத்தால் அங்கீகாரத்துக்கு எத்தனை பாடம் குறைகிறது என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சேர்வதற்கு என்ன வேண்டும்

காமர்ஸ் பக்கத்தில் தடை குறைவு. தடை எல்லாம் இன்ஜினியரிங் பக்கம்தான், அதிலும் கணிதத்தில். ஆஸ்திரேலியாவிலேயே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை என்றால், விக்டோரியாவில் மேத்தமேட்டிக்கல் மெத்தட்ஸ், முடிந்தால் ஸ்பெஷலிஸ்ட் மேத்ஸ். நியூ சவுத் வேல்ஸில் மேத்தமேட்டிக்ஸ் எக்ஸ்டென்ஷன் 1. இந்தியப் பாடத்திட்டம் என்றால் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும். கணிதம் இல்லாத காமர்ஸ் குரூப்பில் படித்துவிட்டு இந்தப் பக்கம் நேராக வர முடியாது. ஃபவுண்டேஷன் அல்லது டிப்ளமோ வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

சேர்க்கை நிபந்தனைகளைப் படிக்கும்போது 'ப்ரீரெக்விசிட்', 'அஸ்யூம்ட் நாலெட்ஜ்' என்று இரண்டு வார்த்தைகளைப் பார்ப்பீர்கள். முதலாவது இல்லாவிட்டால் இடம் கிடைக்காது. இரண்டாவது இல்லாவிட்டாலும் இடம் கிடைத்துவிடும், ஆனால் முதல் வாரத்திலிருந்தே உங்களுக்கு அது தெரியும் என்று எண்ணித்தான் விரிவுரையாளர் பேசுவார். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பிரிட்ஜிங் வகுப்புகள் இதற்காகவே இருக்கின்றன.

சேர்க்கைக்குக் கேட்கும் ஏடார் (பன்னிரண்டாம் வகுப்பு முடிவை வைத்துத் தரும் தரவரிசை எண்) ஆண்டுக்கு ஆண்டு மாறும். டபுள் டிகிரிக்கு வழக்கமாக இரண்டு படிப்புகளில் எதற்கு அதிகம் கேட்கிறார்களோ அதை ஒட்டியே கேட்பார்கள். விண்ணப்பத்தில் டபுள் டிகிரியை முதல் விருப்பமாகவும், அதே இடத்தின் தனி இன்ஜினியரிங்கை அடுத்ததாகவும் போடுங்கள்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2008இலிருந்து அங்கே முறை வேறு. முதலில் மூன்றாண்டு இளநிலை, அதன் பிறகு முதுநிலை இன்ஜினியரிங். இந்தக் கட்டுரையில் சொல்லும் டபுள் டிகிரியை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும், இன்ஜினியரிங் பகுதிக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய பட்டியலிலேயே பாருங்கள். படிப்பின் பெயரும் துறையும் பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும். அந்த அங்கீகாரம்தான் 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கை வழியாக மற்ற நாடுகளிலும் பட்டத்துக்கு மதிப்புத் தருகிறது. இந்தியாவும் இலங்கையும் 2014இலிருந்து அதில் உறுப்பு நாடுகள். ஊர் திரும்பி வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

ஐந்து ஆண்டுத் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

படிப்பின் பாடங்களும் விதிகளும் அடங்கிய, சேர்ந்த ஆண்டின் ஹேண்ட்புக்கைப் பதிவிறக்கிப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிகள்தான் பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். மூன்றாம் ஆண்டில் தளத்தில் இருப்பது புதிய மாணவர்களுக்கானதாக இருக்கும். பிறகு ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் பத்து செமஸ்டர், செமஸ்டருக்கு நான்கு கட்டம் என்று நாற்பது கட்டம் போடுங்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2019இலிருந்து ஆண்டுக்கு மூன்று தவணை, அங்கே கட்டங்களை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைசி ஆண்டை நிரப்புங்கள். இன்ஜினியரிங் ஆய்வுத் திட்டம் இரண்டு செமஸ்டர் தொடர்ந்து வரும், டிசைன் பாடமும் அங்கேதான். அவற்றில் சேர எந்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்று பார்த்து முந்தைய ஆண்டில் எழுதுங்கள். அதற்கு எது வேண்டும் என்று இன்னும் பின்னால் போங்கள். இப்படிப் போனால் ஒரு சங்கிலி தெரியும். உதாரணத்துக்கு சிவிலில்: முதல் ஆண்டுக் கணிதமும் இயக்கவியலும் இல்லாமல் பொருள்களின் வலிமை இல்லை, அது இல்லாமல் கட்டமைப்புப் பகுப்பாய்வு இல்லை, அது இல்லாமல் கான்கிரீட் வடிவமைப்பு இல்லை, அது இல்லாமல் கடைசி ஆண்டு டிசைன் இல்லை. ஐந்து கண்ணி. இவற்றில் பல ஆண்டுக்கு ஒரு செமஸ்டர் மட்டுமே நடக்கும். அதாவது இரண்டாவது கண்ணியில் ஒரு பாடம் தவறினால் ஒரு செமஸ்டர் அல்ல, ஓர் ஆண்டே தள்ளிப் போகும்.

காமர்ஸில் சங்கிலி குட்டையானது. அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு செமஸ்டரிலும் நடக்கும், சில கோடை வகுப்பாகவும் கிடைக்கும். எனவே இன்ஜினியரிங் சங்கிலியை முதலில் அடைத்துவிட்டு, மிஞ்சிய கட்டங்களில் காமர்ஸைப் போடுவதே சரி. செமஸ்டருக்கு இரண்டு இன்ஜினியரிங், இரண்டு காமர்ஸ் என்று அழகாகப் பங்கு போடும் திட்டங்கள் காகிதத்தில் மட்டுமே நன்றாக இருக்கும். முதல் ஆண்டில் அது நடக்கும். அதன் பிறகு சங்கிலி பின்தங்கத் தொடங்கிவிடும். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சில செமஸ்டர்கள் போவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

காமர்ஸ் முழுவதையும் கடைசிக்குத் தள்ளுவதும் கூடாது. நிதியியல் மேஜருக்கும் சின்னதாக ஒரு சங்கிலி உண்டு: கணக்கியல் அறிமுகம், புள்ளியியல், நிறுவன நிதி, முதலீடு, அதன் பிறகுதான் டெரிவேட்டிவ்ஸ் போன்றவை. அதோடு, நான்காம் ஆண்டில் நிதித்துறை இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கையில் இரண்டு அறிமுகப் பாடம் மட்டுமே இருந்தால் நேர்காணலில் பேச ஒன்றும் இருக்காது.

திட்டம் தயாரானதும் இரண்டு துறைகளின் கல்வி ஆலோசகர்களிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒருவர் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இன்ஜினியரிங் ஆலோசகருக்குக் காமர்ஸ் விதியின் நுணுக்கம் தெரியாது, காமர்ஸ் ஆலோசகருக்கு இன்ஜினியரிங் விதி தெரியாது. குறிப்பாக எந்தக் கணிதப் பாடம் எந்தப் புள்ளியியல் பாடத்துக்கு ஈடாகும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். ஆலோசகர்கள் மாறிவிடுவார்கள், மின்னஞ்சல் இருக்கும்.

முதல் ஆண்டில் வரும் திகைப்பு

பாடம் கடினம் என்பதைவிட, இரண்டு விதமான படிப்பு ஒரே நாளில் மாறிமாறி வருவதுதான் சோர்வைத் தரும். காலையில் வகைநுண் சமன்பாடு: விடை ஒன்று, வழி தெளிவு. மதியம் மேலாண்மை டுடோரியல்: ஒரு நிறுவனத்தின் முடிவைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லி, எதிர்க்கருத்தையும் எடைபோட்டு 1,500 சொல்லில் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் பலர் கணிதத்தில் தப்பிவிடுவார்கள், இந்த எழுத்தில்தான் மதிப்பெண்ணை விடுவார்கள். கேட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டைச் சொல்வது, ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் காட்டுவது, ஆதாரத்தை முறைப்படி குறிப்பிடுவது ஆகியவற்றை முதல் செமஸ்டரிலேயே பழகிவிடுங்கள். நூலகங்களில் எழுத்துப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும். தயங்காமல் போங்கள், இந்தப் பழக்கம் பின்னால் இன்ஜினியரிங் அறிக்கை எழுதவும் உதவும்.

குழு வேலை இன்னொரு தலைவலி. இன்ஜினியரிங் டிசைன் குழு, காமர்ஸ் குழு இரண்டும் ஒரே வாரத்தில் சந்திக்கக் கேட்கும். முதல் சந்திப்பிலேயே உங்கள் அட்டவணையைச் சொல்லி, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நேரத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். நேர அட்டவணையில் இரண்டு துறை வகுப்புகள் மோதுவதும் அடிக்கடி நடக்கும். லேப் வகுப்புக்கு மாற்று நேரம் குறைவு, டுடோரியலுக்கு மாற்று நேரம் நிறைய. எனவே பதிவு திறந்தவுடன் லேபை முதலில் பிடியுங்கள்.

செமஸ்டருக்கு ஐந்து பாடம் எடுத்துச் சீக்கிரம் முடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சுமை கூடினால் மதிப்பெண் இறங்கும்; இன்ஜினியரிங் பட்டத்தில் குறிக்கப்படும் ஆனர்ஸ் தரம் மதிப்பெண் சராசரியில்தான் முடிவாகிறது.

பணக் கணக்கு

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆஸ்திரேலிய அரசு மானிய இடத்தில் படிப்பவருக்குக் கட்டணம் படிப்பின் பெயரை வைத்து வருவதில்லை. ஒவ்வொரு பாடமும் எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதை வைத்து வருகிறது. 2021இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு காமர்ஸ், பொருளியல் பாடங்கள் மிக உயர்ந்த கட்டண வரிசையில் உள்ளன. 2025இல் முழு ஆண்டுக்கான உச்சக் கட்டணம்: காமர்ஸ் பாடங்களுக்கு 16,992 டாலர், இன்ஜினியரிங்குக்கு 9,314, கணிதத்துக்கு 4,627.

பாடத்துக்கு என்று எட்டால் வகுத்தால் காமர்ஸ் 2,124 டாலர், இன்ஜினியரிங் சுமார் 1,164, கணிதம் சுமார் 578. நாற்பது பாடத்தில் 16 காமர்ஸ், 20 இன்ஜினியரிங், 4 கணிதம் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காமர்ஸுக்கு சுமார் 34,000, மற்ற இரண்டுக்கும் சேர்த்து சுமார் 25,600. மொத்தம் ஏறக்குறைய 59,600 டாலர். இன்ஜினியரிங் மட்டும் படித்தால், நான்கு கணிதம் போக மீதி 28 பாடமும் இன்ஜினியரிங் என்று கொண்டால், சுமார் 35,000. "ஒரே ஒரு வருடம்தானே கூட" என்று சொல்லும்போது மனதில் 9,000 டாலர் ஓடும். உண்மையான வித்தியாசம் 25,000 டாலருக்குப் பக்கத்தில். விருப்பப் பாட இடங்களையும் விலை கூடிய பாடங்கள் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கட்டணம் ஆண்டுதோறும் உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை உள்ளவர்களும் நிரந்தர மனிதாபிமான விசா உள்ளவர்களும் இதை ஹெக்ஸ் எனப்படும் அரசுக் கல்விக் கடனாக வைத்துவிட்டு, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு கட்டலாம். 2025-26இல் அந்த வரம்பு 67,000 டாலர். பிஆர் எனப்படும் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ள பெரும்பாலானவர்களுக்கு மானிய இடம் கிடைக்கும், கடன் கிடைக்காது. ஒவ்வொரு செமஸ்டரும் கையிலிருந்து கட்ட வேண்டும். பிள்ளை பல்கலைக்கழகம் போகும் முன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிட்டதா என்று பெற்றோர் பார்ப்பது நல்லது.

சென்சஸ் தேதியை மறக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. முதல் செமஸ்டருக்குப் பல இடங்களில் மார்ச் 31. அதற்குள் விலகினால் கட்டணம் இல்லை. ஒரு நாள் தாண்டினாலும் முழுக் கட்டணம். நான்காவது வாரத்திலேயே ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், சங்கிலியில் அது எங்கே இருக்கிறது என்று ஸ்பிரெட்ஷீட்டைப் பார்த்துவிட்டு அந்தத் தேதிக்குள் முடிவெடுங்கள்.

மானிய இடத்துக்கு ஆயுள் கணக்கும் உண்டு. 2022இலிருந்து முழுநேரப் படிப்பில் ஏழு ஆண்டு அளவுக்கே அது கிடைக்கும். ஐந்து ஆண்டு இதில் போனால் மிச்சம் இரண்டு. தவறிய பாடங்களும் இதிலிருந்துதான் கழியும்.

வேலைப் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும்

அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் படிப்பில் தொழில் அனுபவம் கட்டாயம். பல இடங்களில் சுமார் 12 வாரம், அதாவது 60 வேலை நாள். அதை முடிக்காவிட்டால் எல்லாப் பாடமும் தேறியிருந்தாலும் பட்டம் வராது. வங்கியில் செய்த கோடை வேலை இதில் கணக்காகும் என்று எண்ணிவிட வேண்டாம். வேலை இன்ஜினியரிங் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்பதோடு, பெரும்பாலும் ஓர் இன்ஜினியரின் மேற்பார்வையையும் கேட்பார்கள். அதனால் கோடை விடுமுறைகளை முன்பே பங்கிடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை இன்ஜினியரிங் பயிற்சிக்கு, நான்காம் ஆண்டு முடிந்த கோடை நிதித்துறைக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

பெரிய நிறுவனங்கள் கோடை இன்டர்ன்ஷிப்பைக் கடைசிக்கு முந்தைய ஆண்டு மாணவர்களுக்கே தருகின்றன. ஐந்து ஆண்டுப் படிப்பில் அது நான்காம் ஆண்டு. கூடப் படிக்கத் தொடங்கிய காமர்ஸ் நண்பர்கள் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், அவர்களுக்கு அதுதான் கடைசிக்கு முந்தையது. ஆனால் விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதம் முன்பே, சில நிறுவனங்களில் ஆண்டின் தொடக்கத்திலேயே திறந்து மூடிவிடும். நான்காம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து கண் வைத்திருங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற விதி 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவு செய்யப்பட்ட பயிற்சி இதில் சேராது. அந்தப் பயிற்சி அப்படிப் பதிவாகி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே முழுநேரமாகப் போங்கள். கட்டணம் உங்களுக்கு முழுக் கட்டணம் என்பதால் மேலே போட்ட கணக்கு பொருந்தாது. பாடம் தவறிப் படிப்பு நீண்டால் சேர்க்கைக் கடிதத்தையும் விசாவையும் நீட்டிக்க வேண்டிவரும், காரணம் கேட்பார்கள். ஆகவே சங்கிலி பற்றிச் சொன்னதெல்லாம் உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இடையில் ஒன்றை விட நேர்ந்தால்

விடுவது தோல்வி இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவில், எது இல்லாமல் இருக்க முடியாது என்பது பலருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் டபுள் டிகிரியிலிருந்து தனிப் பட்டத்துக்கு மாறுவது எளிது. திரும்பி உள்ளே வருவதுதான் கடினம். இன்ஜினியரிங்குக்கு மாறினால், படித்த காமர்ஸ் பாடங்களில் சில விருப்பப் பாட இடத்தில் அமரும். காமர்ஸுக்கு மாறினால் இன்ஜினியரிங் பாடங்கள் அதே போலச் சிலவே கணக்காகும். எனவே விடலாமா என்ற எண்ணம் வந்தால் அதை மூன்றாம் ஆண்டுக்குள் எடுத்துப் பேசிவிடுங்கள். நான்காம் ஆண்டுக்குப் பிறகு விட்டால் கணக்கில் வராமல் போகும் பாடங்கள் அதிகம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போது "ஊரில் எல்லாரிடமும் ரெண்டு டிகிரி என்று சொல்லிவிட்டோமே" என்று ஆரம்பிக்காதீர்கள். ஸ்பிரெட்ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பாடம் மிச்சம், எவ்வளவு பணம், எந்தப் பாடங்களில் மனம் ஒட்டுகிறது என்று அதிலேயே தெரியும்.

முடிக்கப் போகிறவர்கள், கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே இரண்டு துறைகளிடமும் பட்டத் தகுதிச் சரிபார்ப்பு கேளுங்கள். எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குக் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை வரி வரியாகப் பாருங்கள். பொதுவான கணிதப் பாடம் ஒரு பக்கம் மட்டும் ஏறி, மறு பக்கத்தில் ஒரு பாடம் குறைவாகக் காட்டுவது நடக்கக்கூடிய ஒன்று. பயிற்சி நாட்களின் அறிக்கை ஏற்கப்பட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். குறை ஏதாவது தெரிந்தால், சேமித்து வைத்த மின்னஞ்சலோடு போய்க் கேளுங்கள். அதைச் சரிசெய்ய ஒரு முழு ஆண்டு கையில் இருக்கும்.